விடாத இருமல்: டாக்டரிடமும் ஆஸ்பத்திரியிடமும் நாம் பேச வேண்டியவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எனக்கு ஆறு வருடமாக இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, டி.பி. கிடையாது, எக்ஸ்ரே எடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். கொரோனா சமயத்தில் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனை, இருமலுக்கான சிகிச்சையை எப்படிச் சீர்செய்யலாம் என்று பேச நோயாளிகளையே கூப்பிட்டது, போனவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து உறவுக்காரர்கள், கூட வேலை பார்த்த ஆசிரியைகள், அவர்களுடைய சம்பந்திகள் வரை போன் செய்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. போனில் நீளமாகப் பேசினால் இருமல் வந்துவிடும் என்பதும் எழுதுவதற்கு ஒரு காரணம்.

எத்தனை நாள் இருமினால் "நாள்பட்ட இருமல்"?

பெரியவர்களுக்கு 8 வாரம், குழந்தைகளுக்கு 4 வாரம். சளிக்காய்ச்சல் வந்துபோன பிறகு மூன்று வாரம், ஐந்து வாரம் என்று இழுக்கிற இருமல் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அதனால்தான் எல்லைக் கோட்டை அவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் 8 வாரம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 2 வாரம் தாண்டினாலே டி.பி. இருக்கிறதா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி, அரசு மருத்துவமனையில் இலவசம். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூச்சு வாங்குவது, வாரக்கணக்கில் குரல் கம்மியே இருப்பது, வருடக்கணக்கில் புகைத்தவருக்கு இருமலின் ஓசையே மாறிப்போவது, இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் போய் டாக்டரைப் பாருங்கள்.

உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நாள்பட்ட இருமல் இருக்கிறது. இருமலுக்கென்றே இருக்கும் சிறப்பு கிளினிக்குகளுக்கு வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், அதிலும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள்தான் அதிகம். பெண்களுக்கு இருமல் உணர்ச்சியே கொஞ்சம் கூடுதல் என்கிறார்கள். அது தெரிந்த அன்று எனக்கு ஒரு நிம்மதி. அதுவரை எனக்கு மட்டும் ஏதோ கோணல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருமலுக்கு வைத்தியம் பார்ப்பது டாக்டர். இதில் நோயாளி "பங்கேற்க" என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி, நானும் இதைத்தான் கேட்டேன்.

சுகருக்கு ரத்தம் எடுத்தால் நம்பர் வந்துவிடும், பிரஷருக்குக் கையில் பட்டை சுற்றினால் போதும். இருமல் அப்படி மாட்டாது. ராத்திரி பூரா இருமிவிட்டுக் காலையில் ஓ.பி.யில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்போம், உள்ளே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்த அந்த நான்கு நிமிடத்தில் ஒரு இருமல்கூட வராது. ரிப்பேருக்குக் கொண்டுபோன மிக்சி கடையில் மட்டும் ஒழுங்காக ஓடுமே, அந்தக் கதைதான். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சுத்தமாகக் கேட்கும், எக்ஸ்ரே நார்மல். அப்படியானால் நோயைப் பற்றிய தகவல் யாரிடம் இருக்கிறது? எப்போது வருகிறது, எதைக் கண்டால் வருகிறது, வந்தால் எதைக் கெடுக்கிறது என்பது நமக்கும் பக்கத்தில் படுப்பவருக்கும் மட்டும்தான் தெரியும். வேறு வியாதிகளில் நோயாளியின் பேச்சு கூடுதல் தகவல், இந்த வியாதியில் கிட்டத்தட்ட அதுதான் பரிசோதனை.

இன்னொன்றும் உண்டு. மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதை யார் சொல்வது? இருமல் பாதியாகிவிட்டது என்று ஒரு கருவி சொல்லலாம், ஆனால் மிச்சமிருக்கிற பாதி சரியாகக் கல்யாண வீட்டு முகூர்த்த நேரத்தில் வந்தால் எனக்கு ஒன்றுமே குறையவில்லை. "சரியாகிவிட்டது" என்பதற்கு அளவுகோல் போடுகிற இடத்தில் நோயாளி இருக்க வேண்டும். மற்றதெல்லாம், ஆஸ்பத்திரிப் பெட்டியில் போடுகிற கருத்துச் சீட்டு உட்பட, இதற்கு அப்புறம்தான்.

சரி, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

முதலில், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என முடிகிற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாத்திரை ஆரம்பித்த மறுநாளே வர வேண்டும் என்றில்லை, மாதங்கள் கழித்தும் வரலாம். இருமலுக்காக நெஞ்சு டாக்டரிடம் போகிறவர், "பிரஷருக்கு வேறு டாக்டரிடம் பார்க்கிறேன், அது எதற்கு இவரிடம்" என்று அந்த அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். டாக்டர் மாற்றிக் கொடுத்தால் சில வாரங்களில் இருமல் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறி வேறு வம்பு வரும்.

அடுத்தது, இருமலைக் கிளப்புவது எது என்ற பட்டியல். மிளகாய் தாளிக்கிற நெடி, சாம்பிராணி, கொசுவத்தி, ஏ.சி. காற்று, சிரிப்பு, போனில் பேச்சு, சாப்பிட்டு முடித்ததும், குனிந்து கோலம் போடும்போது, படுத்த அரை மணியில். ஒவ்வொன்றும் ஒரு தடயம். சாப்பாட்டுக்குப் பிறகும் குனியும்போதும் புளித்த ஏப்பத்தோடும் வந்தால் வயிற்றிலிருந்து எதுக்களிக்கிறதா என்று பார்ப்பார்கள். விடியற்காலையில் தூக்கத்தைக் கலைத்தால் ஆஸ்துமா சந்தேகம். வீசிங் துளியும் இல்லாமல் வெறும் இருமலாகவே வருகிற ஆஸ்துமா ஒன்று உண்டு, அது தெரியாமல் சிரப்பிலேயே காலம் ஓட்டியவர்கள் ஏராளம். யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு ராத்திரி இருமலும் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியும் இருந்தால் அந்தக் கிருமி நுரையீரலில் செய்கிற வேலையாக இருக்கலாம், அதற்கு மருந்து தனி. பஞ்சாலை, கல்குவாரி, விறகடுப்பு என்று எங்கே எத்தனை வருடம் மூச்சு விட்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காதைக் குடையும்போது இருமல் வந்தால் அதையும்தான். சிரிக்காதீர்கள், காதுக்குப் போகிற ஒரு நரம்புக் கிளைக்கும் இருமலுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு.

மூன்றாவது, சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். இருமும்போது சிறுநீர் கசிவது. நாள்பட்ட இருமல் உள்ள பெண்களுக்கு இது மிகவும் சாதாரணம், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. ஐந்து வருடம் ஆறேழு டாக்டர்களைப் பார்த்த பிறகு ஒரு நர்ஸம்மா, எடை பார்க்கும்போது, "இருமினா யூரின் போகுதா அக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். வெளியூர்க் கல்யாணங்களுக்கு நான் ஏன் போவதை நிறுத்தினேன் என்று அதுவரை வீட்டுக்காரருக்கே தெரியாது.

இதையெல்லாம் வாயால் சொல்ல நேரம் கிடைக்காது, ஒரு அரைப்பக்கம் எழுதி நீட்டிவிடுங்கள். ராத்திரி இருமலைப் போனில் பதிவு செய்து கொண்டுபோவதும் நல்ல யோசனை. இதுவரை என்னென்ன மருந்து எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், கேட்டதா இல்லையா என்று ஒரு நோட்டு போடுங்கள். எனக்கு ஒவ்வொரு டாக்டரும் அதே சிரப்பிலிருந்துதான் ஆரம்பித்தார்கள், பழைய சீட்டை நான் தொலைத்ததுதான் பாதிக் காரணம்.

எல்லா டெஸ்டும் நார்மல். "மனசை வேறு பக்கம் திருப்புங்கள்" என்கிறார்கள். மனப்பிரமையா?

இல்லை. நரம்பு. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருமலைத் தூண்டுகிற நரம்புகள் மிகையாகக் கூர்மையாகிவிட்டால், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு குளிர்காற்றுக்கும் சென்ட் வாசனைக்கும் இருமல் பொத்துக்கொண்டு வரும். கார் அலாரம் பூனை நடந்ததற்கே கத்துகிற மாதிரி. இருமல் மிகையுணர்வு என்று இதற்குப் பெயர், 2020-ல் ஐரோப்பிய சுவாச நோய் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. தொண்டையில் ஏதோ அரிப்பு, கமறல், ஒரு முடி மாட்டியிருக்கிற மாதிரி என்று நாம் சொல்வதெல்லாம் இந்த நோயின் அடையாளங்கள்தான். வருடக்கணக்கில் இருமினால் மனம் சோர்ந்து போவதும் உண்மைதான், ஆனால் எது முந்தி எது பிந்தி என்று பார்க்க வேண்டும் இல்லையா?

இருமலை அளக்க முடியுமா?

இரண்டு வழி. ஒன்று, சட்டையில் மைக் மாட்டி 24 மணி நேரம் பதிவு செய்து இருமலை எண்ணுவது. இங்கிலாந்தில் மான்செஸ்டரிலும் லெஸ்டரிலும் இதற்கான கருவிகளை உருவாக்கினார்கள். ஆராய்ச்சிக்குச் சரி, சாதாரண ஓ.பி.க்கு ஆகாது.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. 2003-ல் வந்த லெஸ்டர் இருமல் கேள்வித்தாள். மொத்தம் 19 கேள்விகள், கடந்த 2 வாரத்தைப் பற்றி. உடம்பு, மனசு, நாலு பேரோடு பழகுவது என்று மூன்று பகுதி, மொத்த மதிப்பெண் 3 முதல் 21 வரை, அதிகமானால் நல்லது. 1.3 மதிப்பெண் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கேள்விகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதவில்லை, நாள்பட்ட இருமல்காரர்களை நேரில் பேட்டி கண்டு, எது அவர்களை அதிகம் வாட்டுகிறது என்று கேட்டு, அதன்படி சேர்த்தும் கழித்தும் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அதில் இருமலால் வெட்கப்பட்டீர்களா, கூட இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருந்ததா, தனக்கு ஏதோ கோளாறு இருப்பதாக மற்றவர்கள் நினைப்பார்களோ என்று கவலைப்பட்டீர்களா என்றெல்லாம் இருக்கிறது. பஸ்ஸில் காலியாகக் கிடந்த அந்தப் பக்கத்து சீட்டுக்கும் மதிப்பெண் உண்டு! இன்று பெரிய மருந்து ஆய்வுகளில் எல்லாம் இந்தத் தாள் இருக்கிறது.

நோயாளிகள் பேசியதால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா, அல்லது போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்களா?

இரண்டும் நடக்கிறது. போட்டோ கதை பிறகு.

ஐரோப்பிய நுரையீரல் அறக்கட்டளை என்று ஒன்று, 2000-ல் அந்த ஊர் நெஞ்சு டாக்டர்களின் சங்கமே தொடங்கியது, நோயாளிகளையும் டாக்டர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பதுதான் அதன் வேலை. அது வழியாக 29 நாடுகளைச் சேர்ந்த 1120 இருமல்காரர்களிடம் இணையத்தில் கேட்டதன் முடிவு 2015-ல் வெளியானது. 96 சதவீதம் பேர் இருமல் தங்கள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள், பெரும்பாலானோர் மூன்று முறையோ அதற்கு மேலோ டாக்டரிடம் போயும் மருந்து நன்றாகக் கேட்டது என்றவர்கள் மிகச் சிலர். "இருமல்தானே" என்று தள்ளிவிட முடியாதபடி இது கையில் ஒரு காகிதமாக ஆனது. நாள்பட்ட இருமலுக்கென்று நோயாளிகளின் ஆலோசனைக் குழு ஒன்றும் அங்கே இருக்கிறது. நான் மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல் தயாரானபோது நோயாளிகளின் கருத்தும் கேட்கப்பட்டது.

ஐரோப்பா இருக்கட்டும், நம் பக்கத்துக் கதை இன்னும் பெரிது, ஆனால் அது டி.பி. இருமல். சாதாரண மருந்துக்கு அடங்காத டி.பி.க்குப் போட்ட கானமைசின் ஊசியால் பலருக்குக் காது போனது. அப்படிக் கேட்கும் சக்தியை இழந்து டி.பி.யிலிருந்து மீண்டவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும். ஊசி இல்லாமல் மாத்திரையிலேயே வைத்தியம் செய்ய உதவுகிற பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமையை மேலும் நீட்டிக்கக் கூடாது என்று இருவரும் 2019-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது, விலை குறைந்த மாத்திரையை மற்ற கம்பெனிகளும் தயாரிக்க வழி பிறந்தது. நோயாளி "கருத்து" சொன்னால் என்ன ஆகும் என்று யாராவது உங்களைக் கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள். சென்னையில் 1999-லிருந்து இயங்கும் ரீச் அமைப்பு டி.பி.யிலிருந்து குணமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மற்ற நோயாளிகளுக்குத் துணையாக அனுப்புகிறது, டி.பி. சாம்பியன் என்று அவர்களைச் சொல்கிறார்கள். டி.பி. இல்லாத இருமல்காரர்களுக்கு அப்படி ஒரு ஆள்பலம் இங்கே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இருமலுக்கென்று புது மாத்திரை வந்துவிட்டதாமே?

கெஃபாபிக்சன்ட். இருமல் நரம்பில் இருக்கும் ஒரு வாசலை (பி2எக்ஸ்3 என்று பெயர்) அடைக்கிற மருந்து. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நோயாளியின் அளவுகோல் எங்கே முக்கியமாகிறது என்பது இதில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு பெரிய ஆய்வுகள், முடிவு 2022-ல் வெளியானது. 45 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட்டவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இருமல் ஒன்றில் சுமார் 18 சதவீதமும் மற்றதில் சுமார் 15 சதவீதமும் குறைவு. வெறும் மாத்திரைக்காரர்களுக்கே இருமல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது வேறு விஷயம். யாரோ அக்கறையாகக் கேட்டுக்கொண்டே இருந்ததில் பாதி அடங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும், அது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் நினைப்பு. பக்கவிளைவு: மூன்றில் இரண்டு பேருக்கு நாக்கு ருசி கெட்டது.

ஜப்பான் 2022-ல் அனுமதித்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல். அமெரிக்காவில் 2023 நவம்பரில் ஆலோசனைக் குழு கூடி, இந்த அளவு முன்னேற்றம் நோயாளிக்கு அர்த்தமுள்ள பயனா என்ற கேள்விக்கு 12-க்கு 1 என்று இல்லை என வாக்களித்தது. டிசம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது, அது இரண்டாவது மறுப்பு.

இப்போது சொல்லுங்கள், 15 சதவீதம் பெரிதா சிறிதா? எனக்கு என்றால் ராத்திரி நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் போதும், பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் இருமிக்கொள்வேன். என்னோடு கூட்டத்துக்கு வந்த ஒரு சமையல்காரர், "ரசத்துல உப்பு பார்க்க முடியலைன்னா எனக்கு வேலையே போச்சும்மா, இருமலோடயே இருந்துக்கறேன்" என்றார். ஒரே மருந்து, இரண்டு பதில். நோயாளிகள் எல்லாரும் புது மருந்துக்கு ஆதரவாகத்தான் கை தூக்குவார்கள் என்று நினைப்பவர்கள் அவரைச் சந்திக்க வேண்டும். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, எதை எண்ணப் போகிறோம், எவ்வளவு குறைந்தால் பயன் என்று சொல்லப் போகிறோம் என்பதை இப்படிப் பலதரப்பட்ட நோயாளிகளிடம் கேட்டிருக்க வேண்டும். மருந்து தயாரான பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?

மருந்தில்லாமல் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, பேச்சுப் பயிற்சி தருபவர்கள் சொல்லிக்கொடுக்கும் இருமல் அடக்கும் பயிற்சி. கிளம்பும் அரிப்பை உணர்ந்தவுடன் ஒரு வாய் தண்ணீர், எச்சிலை விழுங்குவது, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு, உதட்டைக் குவித்து ஊதுவது, தொண்டையைச் செருமாமல் இருப்பது. கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் ஆஸ்திரேலியாவில் 87 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது, பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு நல்ல குணம். எனக்கு இதுதான் பாதி குறைத்தது. நம் ஊரில் இதை எழுதிக்கொடுக்கிற டாக்டர் அபூர்வம், "ஸ்பீச் தெரபிக்கு அனுப்பலாமா டாக்டர்?" என்று நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் எங்கே போய்ப் பேசுவது? கூப்பிடுகிற ஆஸ்பத்திரி எத்தனை?

குறைவுதான். ஆனால் கதவே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து ஆய்வு நடத்தும் இடங்களில், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், 2019-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர், ஒருவராவது டாக்டரோ விஞ்ஞானியோ அல்லாத சாதாரண மனிதர், ஒருவராவது பெண். அந்தச் சாதாரண மனிதர் நாற்காலியில் நம்மைப் போன்றவர்கள் உட்காரலாம். ஒப்புதல் படிவத்தின் தமிழைப் படித்துப் பார்த்துப் புரியவில்லை என்று சொன்னாலே பெரிய சேவை (சில படிவங்களின் தமிழுக்கு நான் சிவப்பு மையால் திருத்தம் போட்டிருக்கிறேன், பழக்கதோஷம்). அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கும், யார் உறுப்பினர் என்று விசாரியுங்கள்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் உங்கள் டாக்டரிடம் சின்னதாக ஒன்று கேட்கலாம். எங்கள் கூட்டத்தில் நாங்கள் கேட்டதும் சின்ன விஷயங்கள்தான். ஓ.பி. சீட்டிலேயே "பிரஷர் மாத்திரை பெயர்" என்று ஒரு கட்டம் வேண்டும். சிறுநீர் கசிவு பற்றிய கேள்வி அச்சடித்த தாளில் இருந்தால் டிக் போட்டுவிட்டுப் போவோம், வாயால் சொல்ல வேண்டாம். காத்திருக்கும் இடத்தில் குடிதண்ணீர் வேண்டும், தரை துடைக்கிற பினாயில் நெடியை ஓ.பி. நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசி இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. ஓ.பி. சீட்டு கட்டம் இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகலாமா? என்ன கேட்டுக்கொள்வது?

போங்கள், ஆனால் முன்பே மூன்று நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் செலவும் ஒருநாள் கூலியும் தருவார்களா? தினக்கூலிக்காரர் வர முடியாத கூட்டத்தில் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் மட்டும்தான் பேசுவோம், அது எல்லா நோயாளிகளின் குரலும் ஆகாது. எதை முடிவு செய்யப் போகிறார்கள், ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்களா? நாம் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று திருப்பிச் சொல்வார்களா?

போட்டோ கதை இதுதான். வேறொரு இடத்தில் கூப்பிட்டார்கள், போனேன். ஏ.சி. ஹால், மேடையில் ஊதுபத்தி, கையில் ரோஜாப்பூ, ஒன்றரை மணி நேரம் பெரியவர்கள் பேச்சு. என்னைப் பேசக் கூப்பிட்டபோது இருமல் தவிர வேறெதுவும் வரவில்லை. கைதட்டினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். இருமல்காரர்களுக்கான கூட்டத்தில் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது என்று ஒரே ஒரு இருமல்காரரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மருந்து கம்பெனி கூப்பிட்டால்?

போவது உங்கள் இஷ்டம். பணமோ பயணச் செலவோ வாங்கினால் அதைப் பிறகு பேசுகிற இடத்திலெல்லாம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சிலர் கோபிப்பார்கள். கூகுளில் பார்த்துவிட்டு வந்தீர்களா என்பார்கள். "இல்லை டாக்டர், என் உடம்பைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று சொல்லலாம், நான் ஒருமுறைதான் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார். எழுதிய தாளை நீட்டினால் பெரும்பாலும் கோபம் வராது, அவர்களுக்கும் நேரம் மிச்சம்.

இருமல்காரர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

தொடங்கலாம், எங்களுடையதில் முப்பது பேர் இருக்கிறோம். ஒரே ஒரு கட்டுப்பாடு: மருந்து சிபாரிசு கூடாது. அதிமதுரம் வாயில் அடக்கிக்கொண்டேன் என்று அனுபவம் சொல்லலாம், இந்தச் சிரப்பை வாங்கிக் குடியுங்கள் என்று எழுதினால் நீக்கிவிடுவோம். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள், அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் இருந்தது. விடாத இருமலுக்கு மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் கொடுப்பதும் வழிகாட்டுதலில் உண்டு, ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில் மட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சீட்டை வைத்து இல்லை.

பேசினாலே எனக்கு இருமல் வருகிறது. நான் எப்படிப் பங்கேற்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் குழுவிலேயே இருக்கிற ஒரு பெண், பஸ் ஸ்டாண்டில் பூக்கடை. கூவி விற்க முடியாததால் வியாபாரம் பாதியாகிவிட்டது. மருத்துவமனை கூட்டத்துக்கு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேரன் கையெழுத்தில் ஒரு சீட்டு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் மூன்று வரி. காலையில் எட்டு மணிக்கு ஓ.பி. வைத்தால் எனக்கு முகூர்த்த வியாபாரம் போய்விடுகிறது, மத்தியானம் வைத்தால் வருவேன், இரண்டு முறை மருந்து பாதியில் நின்றதற்கு இதுதான் காரணம். நாங்கள் பேசியதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்த டாக்டர் அந்தச் சீட்டை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது அங்கே புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு இருமல் ஓ.பி. நடக்கிறது.